நீட்டு விசிலுக்கு நிற்காத லாரி

"விசில் சத்தம் கேட்டுச்சு சார். கேட்டுட்டுத்தான் ரோட்டுல இறங்கினேன்."

தையல்கார அக்கா இதைச் சொன்னதும் வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வக்கீலம்மாவின் அறை மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒரு மேஜை, அவருடைய நாற்காலி போக இன்னும் ஆறு நாற்காலி, அதில் மூன்று உடைந்தது. உடையாத மூன்றில் அக்காவும், அவருடைய வீட்டுக்காரரும், என் அத்தானும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்திருந்தேன். உதவியாளர் என்றால் அப்படித்தான்.

"அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன். நாளைக்கு கோர்ட்டுல இதை மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் வக்கீலம்மா. "லாரி கம்பெனிக்காரன் வாதமே அதுதானே? கிளீனர் பின்னாடி நின்னு விசில் ஊதினான், இந்தம்மா காதுல வாங்காம குறுக்க வந்துட்டாங்கன்னு சொல்றான். நீங்களே போய் ஆமா, கேட்டுச்சுன்னு சொன்னா நஷ்டஈட்டுக்கு நாமளே தலை முழுகின மாதிரி."

"கேட்டதைக் கேக்கலைன்னு எப்படிம்மா சொல்றது?"

"கேட்டுச்சாம், இறங்கினாளாம்" என்று முணுமுணுத்தார் வீட்டுக்காரர். "கண்ணை எங்க வெச்சிருந்தேன்னு அன்னியிலேருந்து கேக்கறேன். வாயே தொறக்க மாட்டேங்கறா."

அக்கா ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அதன் ரப்பர் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, தப்பு தன்மேல்தான் என்று அவரே பாதி நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அக்காவின் தையல் கடை கிடங்குத் தெருவில் இருக்கிறது. எதிரே இருக்கும் கிடங்குக்குள் சரக்கு லாரி ஒன்று பின்பக்கமாக நுழையும்போது, தெருவைக் கடந்துகொண்டிருந்த அக்காவின் வலது காலில் ஏறிவிட்டது. மெஷின் மிதிக்கிற கால். இன்னொரு ஆபரேஷன் செய்தால் முழங்கால் மடங்கும் என்கிறார் டாக்டர். செய்யாவிட்டால் அந்தக் கால் நீட்டினது நீட்டினதுதான், கடைக்கும் பூட்டுதான். நஷ்டஈடு வந்தால் ஆபரேஷன் உண்டு. 'என் கவனக்குறைவுதான் காரணம்' என்று கையெழுத்துப் போட்டால் ஏதோ கொஞ்சம் தருகிறோம் என்று லாரி கம்பெனி ஆள் விட்டிருந்தது. விசாரணை மறுநாள் காலை.

அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர். வாசலில் 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். ஊரில் அவரை ஒட்டடைக்குச்சி என்பார்கள். நல்ல உயரம், சதை என்ற பேச்சுக்கே இடமில்லை, எந்த மூலையில் எது ஒளிந்திருந்தாலும் கீழே இழுத்துப் போட்டுவிடுவார். என் விசிட்டிங் கார்டில் 'தலைமை உதவியாளர்' என்று இருக்கும். என் அக்கா அவரிடம் சொன்னது, "வெட்டியா உக்காந்திருக்கான், உங்ககூட கூட்டிக்கிட்டுப் போங்க" என்பதுதான்.

அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் இப்போது குனிந்தார்.

"ஏம்மா, விசில் கேட்டும் இறங்கினீங்களா, கேட்டதனால இறங்கினீங்களா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"கேட்டதனாலதான் சார். நாள் பூரா அந்தத் தெருவுல விசில்தானே? கிளீனர் குட்டிக் குட்டியா ஊதினா லாரி பின்னாடி வருதுன்னு அர்த்தம். நீட்டா ஒரு விசில் ஊதினா நிறுத்துன்னு அர்த்தம். நீட்டு விசில் கேட்டா நாங்க எல்லாரும் ரோட்டைத் தாண்டுவோம். ஸ்கூல் பிள்ளைங்ககூட அப்படித்தான் தாண்டும். அன்னிக்கும் நீட்டாத்தான் ஊதினான். நான் இறங்கினேன். லாரி நிக்கல."

வக்கீலம்மா எழுந்தே விட்டார். "இதை ஏம்மா இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?"

"விசில் பேச்சையே எடுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வக்கீலம்மா மறுபடி உட்கார்ந்தார்.

"சரி" என்றார் அத்தான். "நீட்டு விசில் ஊதியும் லாரி ஏன் நிக்கல?"

"டிரைவர் தண்ணி போட்டிருப்பான்" என்றேன் நான்.

"போலீஸ் அங்கயே ஊதச் சொல்லிப் பாத்துட்டாங்க. சுத்தம்" என்றார் வக்கீலம்மா. "பிரேக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு. அந்த டிரைவர் மேல இதுவரைக்கும் ஒரு கேஸ் கிடையாது. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிச்சதில்லையாம்."

"அப்போ காது கேக்காது."

"காது கேக்காதவனுக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?" என்று எழுந்தார் அத்தான். "வா மச்சான், அந்தக் காதை நேர்ல பாத்துட்டு வருவோம்."

லாரி ஷெட் ஊருக்கு வெளியே இருந்தது. மூன்று பக்கம் தகரச் சுவர், நடுவில் எண்ணெய் குடித்துக் கறுத்த மண். அதில் லாரிகள் வரிசையாக நின்றன. தகரக் கூரைக்கு அடியில் நல்ல நிழலாகப் பார்த்து ஓனரின் புதுக் கார் நின்றது. சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எங்கள் காரை அதற்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். இரண்டும் கார் என்ற ஒரே ஜாதியைச் சேர்ந்தவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"என்ன சொல்லிட்டு உள்ள போறது?" என்று கேட்டேன்.

"பியானோ ஏத்தணும்னு சொல்லுவோம்."

"நம்மளப் பாத்தா பியானோ வெச்சிருக்கிற மூஞ்சியா அத்தான்?"

"விக்கப்போறோம்னு சொன்னா நம்புவாங்க."

நம்பினார்கள். ஓனர் எங்களை வாங்க வாங்க என்று வரவேற்று, மானேஜரிடம் பேசச் சொல்லிவிட்டு கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மானேஜர் ஓனரின் மருமகன். ஷெட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காதில் போனோடு நடந்தபடியே இருந்தார். எங்களைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். இருங்கள் என்று அர்த்தம்.

இருந்தோம். ஒரு ஓரமாகப் பலகையில் உட்கார்ந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா காட்டிய படத்தில் இருந்த அதே மீசை. அவர்தான் டிரைவர். அவருக்கு எதிரே கிளீனர் ரப்பர் குழாயைப் பிடித்து ஒரு லாரியின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் கயிறு கட்டி விசில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, கழுவின இடத்தையே திரும்பக் கழுவினார்.

அத்தான் மெதுவாக நகர்ந்து டிரைவருக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு விரலை வாயில் வைத்தார்.

அத்தானுக்கு விரல் வைத்து விசில் அடிக்க வரும். வீட்டில் அடித்தால் என் அக்கா சோறு போட மாட்டாள் என்பதால் வெளியில்தான் சாதகம். அன்றைக்கு அடித்தது மாதிரி ஒரு நீட்டு விசிலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தகரமெல்லாம் அதிர்ந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரின் வலது கால் படாரென்று தரையை மிதித்தது. டீ பாதி அவர் சட்டையில். கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த ஒரு லாரி மூக்கு உள்ளேயும் உடம்பு வெளியேயுமாக நின்றுவிட்டது. கிளீனர் கையிலிருந்து குழாய் நழுவி, தண்ணீர் என் பேன்டைத் தேடி வந்தது.

"யாருய்யா அது?" என்று கண்ணாடி அறையிலிருந்து ஓனர் கத்தினார்.

"மன்னிச்சுக்கங்க. தெரிஞ்ச பையன் ஒருத்தன் போன மாதிரி இருந்துச்சு, கூப்பிட்டேன்" என்றார் அத்தான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

நான் பேன்டைப் பிழிந்துகொண்டே அவர் பக்கம் போனேன். "காது பிரமாதமா கேக்குது. என் தியரி காலி. இனிமே என்ன?"

"காதை விடு. காலைப் பாத்தியா?"

"பாத்தேன். பலகையில உக்காந்து பிரேக் போடறாரு, பாவம்."

"அந்தக் கால் அன்னிக்கு லாரியில இருந்திருந்தா?"

யோசித்துப் பார்த்தேன். விசில் கேட்டதும் தானாக மிதிக்கிற கால் அது. அந்தக் கால் பெடல்மேல் இருந்திருந்தால் லாரி நின்றிருக்கும். லாரி நிற்கவில்லை என்றால் அந்தக் கால் அங்கே இல்லை.

"அப்போ ஓட்டினது யாரு?"

"போனை எடு. வீடியோ போடு. மூச்சு விடாதே" என்றார் அத்தான்.

மருமகன் இன்னும் போனில்தான் இருந்தார். அத்தான் அவரிடம் போய் நின்று, பேச்சு முடிகிறவரை காத்திருந்து, குழைந்தார். நான் போனை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தேன். எங்கள் காருக்கு முன்னால் ஒரு சின்ன லாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

"சார், அந்தக் குட்டி லாரியைக் கொஞ்சம் பின்னாடி எடுத்தா நாங்க வண்டியை வெளிய கொண்டுபோய் பியானோ அளவை எடுத்துட்டு வந்துடுவோம்."

டிரைவர் எழுந்திருக்கப் போனார்.

"நீங்க உக்காருங்க, சட்டை காயட்டும்" என்று அவரைத் தடுத்துவிட்டு, மருமகன் பக்கம் திரும்பினார் அத்தான். "சார் ஆபீஸ் வேலை பாக்கறவரு. அவருக்கு லாரியெல்லாம் எங்க ஓட்டத் தெரியப்போவுது? வேற யாராவது வரட்டும், நாங்க காத்திருக்கோம்."

மருமகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டினார். ஷெட்டில் இருந்த எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பேச்சை மருமகனின் முதுகுக்குப் பின்னால் அவர்கள் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாதுன்னு எவன் சொன்னான்?" என்று மருமகன் லாரியில் தாவி ஏறினார்.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. "மாப்ளே! வேண்டாம் மாப்ளே! இறங்குங்க, ஆள் இருக்கு!" என்று ஓனர் கெஞ்சினார். இரண்டு டஜன் லாரிகளை அதட்டி வேலை வாங்குகிற மனுஷனுக்கு, பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரலே எழும்பவில்லை.

"பின்னாடி யாரும் இல்லையே?" என்று அத்தான் உரக்கக் கேட்டு, தானே நடந்து போய்ப் பார்த்தார். ஆள் யாரும் இல்லை. ஓனரின் புதுக் கார்தான் இருந்தது.

லாரி பின்னால் வரத் தொடங்கியது. அத்தான் சாவகாசமாக இரண்டு விரலை வாயில் வைத்தார். நீட்டு விசில்.

கேட்டில் வந்துகொண்டிருந்த அடுத்த லாரி நின்றது. டிரைவரின் கால் தரையை மிதித்தது. தள்ளுவண்டியில் டயர் தள்ளிக்கொண்டு போனவர்கூட நின்றார். நானும் ஏனோ ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். அந்த ஷெட்டில் அசைந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குட்டி லாரி, விசிலைக் கேட்டு உற்சாகமாகி, இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் வந்தது. வந்து புதுக் காரின் முகத்தில் உட்கார்ந்தது.

கார்க் கண்ணாடி சலசலவென்று உதிர்ந்தது.

மருமகன் தலையை வெளியே நீட்டினார். "விசில் ஊதினீங்களே! வா வான்னுதானே அர்த்தம்?"

ஓனருக்கு அதோடு மாப்பிள்ளை மரியாதை போய்விட்டது.

"அடப் பாவி! நீட்டு விசில் ஊதினா நிறுத்தணும்னு அன்னிக்கே தலை தலையா அடிச்சுக்கிட்டேனேடா! மண்டையில ஏறவே ஏறாதா?"

அத்தான் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"என்னிக்குங்க?"

ஓனர் அவரைப் பார்த்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். டிரைவர் டீ கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். கிளீனர் குழாயை நிறுத்தினார். நாங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பியானோவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"மருமகன்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று வழியில் கேட்டேன்.

"முதல் விசிலுக்கு எல்லாரும் நின்னாங்க, ஒருத்தர் மட்டும் போன்ல பேசிக்கிட்டே நடந்தாரு. நீ உன் பேன்டைப் பாத்துக்கிட்டிருந்தே. அன்னிக்கு டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பாரு. இவரு ஆசையா ஏறி உக்காந்திருப்பாரு. கார் லைசென்ஸ்தான் இருக்கும், லாரிக்கு இருக்காது. விஷயம் வெளிய வந்தா இன்சூரன்ஸ்காரன் அந்தம்மாவுக்குக் குடுக்கறதைக் குடுத்துட்டு, அத்தனையும் ஓனர்கிட்டதான் வசூல் பண்ணுவான். அதனால டிரைவரைக் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. காலம் பூரா சுத்தமா ஓட்டினவர் தலையில பழியைக் கட்டிட்டாங்க பாரு."

அன்று மாலையே எல்லோரும் வக்கீலம்மாவின் அறையில் கூடினோம். நான் பெருமையாக வீடியோவைப் போட்டேன். முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. படம் முழுக்க என் மூக்கு. சத்தம் மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது, ஓனரின் 'அன்னிக்கே' உட்பட.

"மூக்கைப் பத்தி கோர்ட்டுல கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீலம்மா. "ஆனா அந்த ஆள் சும்மா இருக்க மாட்டான். அன்னிக்குன்னா வேற ஒரு நாள், மருமகனுக்கு ஓட்டக் கத்துக்குடுத்த நாள்னு சொல்லுவான். அந்த இடத்துல நின்னு பாத்தவன் ஒருத்தன் வேணும்."

"வருவான்" என்றார் அத்தான்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கழுவின இடத்தையே கழுவிக்கிட்டிருந்தான்."

இதெல்லாம் ஒரு தடயமா என்று நான் கிண்டல் செய்ய வாயெடுத்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிளீனர் வாசலிலேயே நின்றார். கழுத்தில் விசில் இல்லை. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. யாரையும் பார்க்காமல் தையல்கார அக்காவை மட்டும் பார்த்தார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு என் விசிலை நம்பித்தான் இறங்கினீங்களா?"

"ஆமா தம்பி."

கிளீனர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கவனிக்காம வந்துட்டீங்கன்னு சொல்லச் சொன்னாங்க. இல்லாட்டி வேலை இல்லன்னாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அப்படித்தான் நடந்திருக்கும்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரல. நான் ஊதாம இருந்திருந்தா நீங்க இறங்கியிருக்கவே மாட்டீங்கல்ல? நான்தானே உங்களைச் சக்கரத்துக்கு அடியில..."

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். அழுகிற ஆம்பளையைப் பார்த்தால் எனக்கு ஜோக் வராது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து வாசல்வரை போனார். உதவிக்குக் கை நீட்டிய வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டார்.

"என்னைப் பாரு தம்பி. லாரி நிக்கணும்னு நீ ஊதினே. சரியாத்தானே ஊதினே? நீட்டு விசில் கேட்டு நான் இறங்கினேன். நானும் சரியாத்தான் இறங்கினேன். உன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல."

சொல்லி முடித்ததும் அவர் ஊன்றுகோலை இன்னும் நேராக ஊன்றிக்கொண்டார். கிளீனருக்குச் சொன்னது தன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். "என் மேல தப்பே இல்ல" என்று இன்னொரு தடவை சொன்னார், இப்போது யாருக்கும் இல்லாமல், தனக்கே.

"நாளைக்குக் காலையில வர்றேன்மா" என்று கிளீனர் வக்கீலம்மாவிடம் சொன்னார். "நடந்ததை நடந்தபடி சொல்றேன். டிரைவர் அண்ணனும் வர்றேன்னு சொல்லிட்டாரு. வேலை போனா போகட்டும்."

"வேற வேலைக்கு நானும் எங்கயாவது சொல்லிப் பாக்கறேன்" என்றார் அத்தான்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ஆபரேஷனுக்கு டாக்டர்கிட்ட தேதி கேட்டு வெக்கட்டுமா?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நானே இரண்டு அடி நகர்ந்துகொண்டேன்.

"கேட்டு வைங்க. ஆனா ஒண்ணு. கண்ணை எங்க வெச்சிருந்தேன்னு இனிமே என்னைக் கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன்."

"எப்பவும்?"

"எப்பவும் கேக்க மாட்டேன்மா."

"வக்கீலம்மா," என்றார் தையல்கார அக்கா, "இதை எழுதி வாங்கிக்கிடுங்க."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வீட்டுக்காரர் முன்னால் தள்ளி, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.